எர்ரர் ஸ்பாட்டிங்கில் மார்க் எங்கே போகிறது?

மகள் தமிழ்வழியில் பி.காம் முடித்து மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வுக்குப் படிக்கிறாள், இங்கிலீஷ்தான் இடிக்கிறது, ஸ்போக்கன் இங்கிலீஷ் கோர்ஸில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். முதல் கட்டத் தேர்வில் இங்கிலீஷுக்கு 25 கேள்விகள், 50 மதிப்பெண்கள். தப்பான விடை ஒவ்வொன்றுக்கும் அரை மதிப்பெண் கழியும். பேச்சை அங்கே யாரும் சோதிப்பதில்லை. பிழை கண்டுபிடிக்கும் 'எர்ரர் ஸ்பாட்டிங்' கேள்விகளில் பெயர்ச்சொல், பெயரடைப் பொறிகள் திரும்பத் திரும்ப வரும். நம் பிள்ளைகள் அவற்றில் விழக் காரணம் மக்குத்தனம் இல்லை, தமிழில் யோசித்து இங்கிலீஷில் எழுதுவதுதான்.

தமிழில் 'தகவல்கள்', 'அறிவுரைகள்' என்று தாராளமாகச் சொல்லலாம். இங்கிலீஷில் 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'லக்கேஜ்', 'எக்விப்மென்ட்', 'சீனரி' எதற்குமே கடைசியில் 'ஸ்' கிடையாது. 'ஃபர்னிச்சர்ஸ்' என்று கடைப் பலகைகளிலேயே எழுதிவைத்திருப்பதால் கண்ணுக்கு அது தப்பாகவே படாது! எண்ணிச் சொல்ல வேண்டுமானால் 'டூ பீசஸ் ஆஃப் அட்வைஸ்'. வினைச்சொல்லும் ஒருமையில் வர வேண்டும்: 'தி ஃபர்னிச்சர் வாஸ்'. 'நியூஸ்' பன்மை மாதிரி தெரியும், ஆனால் ஒருமை. 'கேட்டில்' (மாடுகள்), 'போலீஸ்' இரண்டும் நேர் எதிர். ஒருமை மாதிரி தெரிந்தாலும் 'ஆர்'தான் வரும்.

அடுத்து எண். 'இரண்டு வருஷ அனுபவம்' என்று நாம் சொல்வதால் 'டூ இயர் எக்ஸ்பீரியன்ஸ்' என்று கை எழுதிவிடுகிறது. 'டூ இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்' என்று எழுதினால் 'அபாஸ்ட்ரஃபி' குறியை எங்கே போடுவது என்ற குழப்பமும் இல்லை. ஆனால் எண்ணும் அளவும் சேர்ந்து இன்னொரு பெயர்ச்சொல்லுக்கு அடையாக முன்னால் நின்றால் 'ஸ்' போய்விடும், நடுவில் சிறு கோடு வரும்: 'எ த்ரீ-இயர் டிகிரி'. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுத்தான் கேள்வி அமைப்பார்கள். 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' அதைவிடப் பழைய பொறி. 'ஒன் ஆஃப்' வந்தால் பெயர்ச்சொல் பன்மை, வினைச்சொல் ஒருமை: 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ்'.

பெயரடையில் மூன்று இடங்கள். 'பெட்டர்' என்பதிலேயே ஒப்பீடு இருக்கிறது. 'மோர் பெட்டர்' தப்பு. 'சீனியர்', 'ஜூனியர்', 'சுப்பீரியர்' மூன்றுக்கும் பின்னால் 'தேன்' வராது, 'டு' வரும். 'ஐ ஆம் இன்டரஸ்டிங் இன் அக்கவுண்ட்ஸ்' என்றால் ஆளே சுவாரசியமானவர் என்றாகிவிடும். உணர்பவருக்கு 'இன்டரஸ்டட்', உணர்வைத் தூண்டும் பொருளுக்கு 'இன்டரஸ்டிங்'. 'கசின் பிரதர்' இந்தியா முழுக்கப் பேச்சில் இருக்கிறது, வீட்டில் சொல்லட்டும். எழுத்தில் 'கசின்' போதும்.

இலக்கணப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்க விடாதீர்கள். பழைய வினாத்தாளில் தினமும் பத்துக் கேள்விகள் எடுக்கட்டும். ஒவ்வொரு வாக்கியத்திலும் எண், 'ஒன் ஆஃப்', 'தேன்', 'மோர்' நான்கையும் முதலில் அடிக்கோடிட்டு, பக்கத்துச் சொல்லைப் பார்க்க வேண்டும். பிறகு வினைச்சொல். அங்கேயும் எதுவும் சிக்காவிட்டால்தான் 'பிழை இல்லை'. தவறிய வாக்கியத்தைத் திருத்தி நோட்டில் முழுதாக எழுதச் சொல்லுங்கள். விடை எழுத்தை மட்டும் குறித்துவைத்தால் அடுத்த வாரமும் அதே இடத்தில் தவறும்.

சிஜிஎல்லில் இன்டர்வியூ கிடையாது. இன்டர்வியூ உள்ள பேங்க் பி.ஓ. (அதிகாரி வேலை) தேர்வும் எழுதுவதாக இருந்தால், அதன் மெயின்ஸ் முடிந்த பிறகு ஸ்போக்கன் கோர்ஸை யோசிக்கலாம்.