பாலைவனங்கள் வழியாகத் தனியாகக் காரில் சென்று, தேசியப் பூங்காவில் பருவகால வேலையில் சேர்ந்த அனுபவம் யாருக்கேனும் உண்டா?

கேட்டவர் ஹூஸ்டனில் வசிக்கிறார். கலிஃபோர்னியாவிலுள்ள டெத் வேலி தேசியப் பூங்காவில் அவருக்குக் குளிர்காலப் பருவத்துக்கான வேலை கிடைத்திருக்கிறது. லாஸ் வேகஸ் வரை விமானத்தில் செல்வதா, காரிலேயே செல்வதா, காரில் என்றால் எத்தனை நாள் வைத்துக்கொள்வது என்பவை அவருடைய கேள்விகள்.

எனக்கு அந்த அனுபவம் உண்டு. 2023 அக்டோபர் கடைசி வாரத்தில் இதே ஹூஸ்டனிலிருந்து இதே டெத் வேலிக்குத் தனியாகக் காரோட்டிச் சென்றேன். அப்போது எனக்கு 51 வயது. இருபது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் அறிவியல் கற்பித்துவிட்டு, பிள்ளைகள் இருவரும் கல்லூரிக்குச் சென்ற பிறகு, பார்வையாளர் மையத்தில் நுழைவுக் கட்டணம் பெற்று வழி சொல்லும் ஆறு மாதப் பணிக்கு விண்ணப்பித்திருந்தேன். உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: காரிலேயே செல்லுங்கள், ஐந்து நாள் ஒதுக்குங்கள், பகலில் மட்டும் ஓட்டுங்கள்.

அங்கே கார் இல்லாமல் வாழ்வது கடினம். பணியாளர்கள் தங்கும் ஃபர்னஸ் க்ரீக் பகுதிக்குப் பேருந்து கிடையாது. ஒரு வாரத்துக்கான காய்கறி வாங்க வேண்டுமென்றாலும் நெவாடா மாநிலத்தின் பரம்ப் ஊருக்கு ஏறத்தாழ 60 மைல் செல்ல வேண்டும். ஆனால் காரில் செல்லுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு அதைவிடப் பெரிய காரணம் உண்டு. விமானத்தில் வந்து இறங்குகிறவருக்கு டெத் வேலி தனித்து நிற்கும் ஒரு விந்தை. சாலை வழியாக வருகிறவருக்கோ அது மூன்று பாலைவனங்களில் கடைசியானதன் கடைக்கோடி. அந்த வேறுபாட்டை உடம்பால் அறிந்துகொண்டு வேலைக்குச் செல்வது நல்லது.

மொத்தத் தொலைவு சுமார் 1,600 மைல். மூன்று நாளில் முடித்துவிடலாம் என்று என் கணவர் கணக்குப் போட்டார். முடியும், ஆனால் அதில் ஒரு பகுதி இருட்டில் போய்விடும். நான் டெக்சஸின் ஃபோர்ட் ஸ்டாக்டன், நியூ மெக்சிகோவின் லாஸ் குரூசஸ், அரிசோனாவின் டூசான், கிங்மன் ஆகிய நான்கு ஊர்களில் இரவு தங்கி, ஐந்தாம் நாள் பிற்பகலில் போய்ச் சேர்ந்தேன். முதல் இரண்டு நாளுக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டேன். பிறகு கிடைத்ததைச் சாப்பிட்டேன்.

முதல் நாள்தான் நீளமானது. சான் அன்டோனியோவைத் தாண்டி 10ஆம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே செல்லச் செல்ல, கருவாலி (ஓக்) மரங்கள் குட்டையாகி, பின்பு இடைவெளி விட்டு, ஒரு கட்டத்தில் இல்லாமலே போகின்றன. பாலைவனம் எந்த மைல் கல்லில் தொடங்கியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஃபோர்ட் ஸ்டாக்டனில் விடுதிக்குப் பின்னாலிருந்த காலி மனையில் இடுப்பளவு புதர்கள் ஒன்றையொன்று தொடாமல் நின்றிருந்தன. அது கிரியோசோட் புதர். அடியில் ஒட்டிய இரண்டு சிற்றிலைகளாக ஒவ்வோர் இலையும் இருக்கும். எண்ணெய் தடவினாற்போல் பளபளக்கும். ஒரு கிளைநுனியை உள்ளங்கைக்குள் பொத்தி, அதன்மேல் வாயால் ஊதி, பிறகு முகர்ந்து பாருங்கள். மூச்சின் ஈரம் பட்டதுமே மழை வந்தாற்போன்ற ஒரு வாசனை எழும். தாரும் கற்பூரமும் கலந்தது போன்ற அந்த வாசனையைத்தான் இங்குள்ளவர்கள் பாலைவனத்து மழை வாசனை என்கிறார்கள்.

இந்தப் புதரை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வழி நெடுக இதுதான் உங்களுக்குத் துணை. டெக்சஸிலும் நியூ மெக்சிகோவிலும் உள்ள சிவாவா, அரிசோனாவின் சோனோரா, அதற்கு வடமேற்கே மொஹாவி ஆகிய மூன்று பாலைவனங்களிலும் இது வளர்கிறது. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் சிவாவாவில் இதன் உயிரணுக்களில் மரபுப் பண்புகளைச் சுமக்கும் குரோமோசோம்கள் 26, சோனோராவில் 52, மொஹாவியில் 78. மேற்கே செல்லச் செல்ல ஒரே செடி தன் குரோமோசோம் தொகுதியை இரட்டித்தும் மும்மடங்காக்கியும் கொண்டிருக்கிறது. இதை வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஐந்து நாள் காரோட்டிக் கடந்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய பயணம் என்பது விளங்கியது.

மூன்றாம் நாள் காலையில் நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், அது உங்கள் உயிர் தொடர்பானது. நியூ மெக்சிகோவில் லார்ட்ஸ்பர்க் ஊருக்கு மேற்கே, வற்றிப்போன ஏரிப் படுகையின் குறுக்கே நெடுஞ்சாலை செல்கிறது. புழுதிப் புயல் எச்சரிக்கைப் பலகைகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. காற்று பலமாக இருந்தது. தொலைவில் பழுப்பாக ஏதோ தெரிந்தது. ஒரு நிமிடத்துக்குள் முன்னால் சென்ற லாரி காணாமல் போயிற்று. பலகைகளில் படித்தது நினைவிருந்ததால் வலப்புறம் சாலையை விட்டு முழுவதுமாக இறங்கி, இன்ஜினை நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, எல்லா விளக்குகளையும் அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டேன். விளக்கை எரியவிடத்தான் மனம் சொல்லும். ஆனால் பின்னால் வருகிறவர் சிவப்பு விளக்கைக் கண்டால் சாலை அந்தப் பக்கம் போகிறது என்று எண்ணி நேராக நம்மீதே வந்து மோதிவிடுவார். அதனால்தான் பிரேக் விளக்குகூட எரியக் கூடாது. சீட் பெல்ட்டைக் கழற்றாமல், பருத்திப் புடவை ஒன்றை மடித்து மூக்கில் வைத்துக்கொண்டு பன்னிரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தேன். மணல் கண்ணாடியில் உரசும் ஓசை, முறத்தில் அரிசி புடைக்கும் ஓசையை ஒத்திருந்தது. நான் தேரிக்காட்டுப் பக்கம் பிறந்தவள். ஆடி மாதக் காற்றில் செம்மணல் எழும்புவதைப் பார்த்து வளர்ந்தவள். ஆனாலும் அந்தப் பன்னிரண்டு நிமிடமும் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

டூசானில் ஒரு டயரின் பக்கவாட்டில் வெடிப்புகளைக் கண்டேன். புறப்படுமுன் சோதித்துத் தந்த பட்டறையில், டயரின் வரிப்பள்ளம் தேயாமல் ஆழமாக இருக்கிறது, இன்னும் ஓராண்டு ஓடும் என்று சொல்லியிருந்தார்கள். பள்ளத்தை மட்டும் பார்த்தால் போதாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2516 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் 25ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். வயதான ரப்பர் வெயிலில் கெட்டுப்போகும். இரண்டு டயர்களை அங்கேயே மாற்றினேன். புதிய கார்கள் பலவற்றில் மாற்று டயர் வருவதில்லை. உங்கள் காரில் உள்ளதா என்பதை இன்றே திறந்து பாருங்கள்.

டூசானில் அரை நாளேனும் சகுவாரோ தேசியப் பூங்காவில் நடந்துவிட்டுச் செல்லுங்கள். சகுவாரோ கள்ளி முதல் எட்டு ஆண்டுகளில் ஒன்று அல்லது ஒன்றரை அங்குலம்தான் வளர்கிறது; கை விடுவதற்கே ஐம்பது முதல் எழுபது ஆண்டுகள் ஆகின்றன. கோடை, குளிர்காலம் என இரு பருவங்களிலும் மழை பெறுவதால்தான் சோனோரா இத்தனை பெரிய செடிகளைத் தாங்குகிறது. மொஹாவிக்குப் பெரும்பாலும் குளிர்கால மழை மட்டுமே. இந்த வேறுபாட்டைக் கண்ணால் காண வேண்டுமானால், விக்கன்பர்க்கிலிருந்து கிங்மன் செல்லும் 93ஆம் எண் சாலையில் மெதுவாகச் செல்லுங்கள். சோனோராவின் சகுவாரோவும் மொஹாவியின் ஜோஷுவா மரமும் ஒரே சரிவில் அருகருகே நிற்கும் இடங்கள் அங்கே உண்டு. இரண்டு பாலைவனங்களும் கைகோக்கும் அந்த இடத்தில் காரை ஓரங்கட்டி அரைமணி நேரம் நின்றேன். பயணத்தில் நான் மிகவும் மகிழ்ந்த அரைமணி நேரம் அது.

லாஸ் வேகஸில் நான் நிற்கவில்லை. பரம்பில் பெட்ரோலும் மளிகையும் நிரப்பிக்கொள்ளுங்கள். பூங்காவுக்குள் இரண்டுமே விலை அதிகம். அங்கிருந்து டெத் வேலி ஜங்ஷன் என்ற நாற்சந்திக்கு வருவீர்கள். 1967இல் மார்த்தா பெக்கெட் என்ற நியூயார்க் நடனக் கலைஞரின் வண்டி டயர் இங்கே பழுதானது. அதைச் சரிசெய்யும் நேரத்தில் பாழடைந்த அரங்கம் ஒன்றைக் கண்டவர், அதை வாடகைக்கு எடுத்து, பல்லாண்டுக் காலம் அங்கேயே ஆடினார். பார்க்க ஆள் இல்லாத இரவுகளுக்காகச் சுவர் முழுவதும் பார்வையாளர்களை ஓவியமாகத் தீட்டி வைத்தார். 2017இல் அவர் காலமானார்; அரங்கம் இன்னும் நிற்கிறது.

அங்கிருந்து 190ஆம் எண் சாலை இறங்கிக்கொண்டே செல்கிறது. ஜப்ரிஸ்கி பாயிண்ட்டின் மஞ்சள் மேடுகளைத் தாண்டி, கடல் மட்டத்துக்கும் கீழே 190 அடியில் ஃபர்னஸ் க்ரீக். காது அடைத்துத் திறக்கும். பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று சியரா நெவாடா முதல் பனாமின்ட் வரை வரிசையாக நிற்கும் மலைத்தொடர்களில் மழையை இறக்கிவிட்டு வெறுங்கையோடு இங்கே வருகிறது. ஆண்டு மழை சராசரி இரண்டே அங்குலம். ஆனால் நான் சென்ற ஆண்டில், ஆகஸ்ட் 20 அன்று ஹிலரி புயலால் ஒரே நாளில் 2.2 அங்குலம் பெய்து, சாலைகள் அறுந்து, அக்டோபர் 15 வரை பூங்கா மூடப்பட்டிருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது, கடல் மட்டத்துக்கு 282 அடி கீழேயுள்ள பேட்வாட்டர் உப்புப் படுகையில் ஓர் ஏரி கிடந்தது.

வேலையைப் பற்றி இப்போது சொல்கிறேன். டெத் வேலியில் நுழைவாயிலில் கட்டணச் சாவடி கிடையாது. தானியங்கி எந்திரத்திலோ பார்வையாளர் மையத்திலோ செலுத்த வேண்டும். 2023 ஜூன் முதல் ரொக்கமும் பெறுவதில்லை. ஆகவே மக்கள் உங்களிடம் வந்து நிற்கும்போது ஏற்கெனவே பூங்காவுக்குள் ஐம்பது மைல் வந்திருப்பார்கள். கைபேசியில் சிக்னல் போயிருக்கும். அவர்கள் கேட்பது மூன்றே மூன்று: ஏரி எங்கே, பெட்ரோல் எங்கே, கைபேசி காட்டும் இந்தக் குறுக்கு வழியில் போகலாமா. மூன்றாவது கேள்விக்குத்தான் என் ஐந்து நாள் சாலை அனுபவம் உதவியது. கைபேசி காட்டும் மண் சாலைகளில் சில, பாதாளப் பள்ளங்களும் கூரிய கற்களும் நிறைந்தவை. ஓர் இளம் தம்பதி கைக்குழந்தையோடும் அரை லிட்டர் தண்ணீரோடும் அப்படி ஒரு சாலைக்குப் புறப்பட்டார்கள். பூங்காவின் விதிமுறையைச் சொல்லாமல், புழுதியில் நான் உட்கார்ந்திருந்த பன்னிரண்டு நிமிடத்தைச் சொன்னேன். அவர்கள் காகித வரைபடத்தை வாங்கிக்கொண்டு தார்ச்சாலையிலேயே சென்றார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் என்பதை இந்தக் கவுன்டரில் நீங்கள் நூறு முறை சொல்வீர்கள். வழியிலேயே அதைப் பழகிக்கொண்டு வாருங்கள்.

அங்கே வேரூன்றிய மக்கள் டிம்பிஷா ஷோஷோனி பழங்குடியினர். 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தங்கள் நிலத்தில் ஒரு பகுதியை மீட்டவர்கள்; அவர்களுடைய கிராமம் ஃபர்னஸ் க்ரீக்கிலேயே இருக்கிறது. அவர்களுடைய மரபான உணவுகளில் முதன்மையானது மெஸ்கீட் மரத்தின் காய். அந்த மரத்தை முதலில் கண்டபோது திடுக்கிட்டேன்: நம் ஊர் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு அது, அதே இலை, அதே முள், அதே நெற்று. நம் கண்மாய்களில் வெட்டி மாளாத மரத்தின் உறவு ஒன்று இங்கே ஒரு சமூகத்துக்குச் சோறாக இருந்திருக்கிறது. அந்த மாவைச் சுவைத்துப் பார்த்தேன். கருப்பட்டியின் சாயல் இருந்தது.

உங்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். முதலில் வருவது தற்காலிக நியமனக் கடிதம்தான். கைரேகையும் பின்னணிச் சோதனையும் முடிந்து உறுதிக் கடிதம் வந்த பிறகே ஹூஸ்டன் வீட்டைக் காலி செய்யுங்கள். 2025 ஜனவரியில் கூட்டாட்சி அரசு பணி நியமனங்களை நிறுத்தியபோது, கையில் கடிதம் வைத்திருந்த பருவகாலப் பணியாளர்கள் பலருக்கு அது ரத்தானது. இத்தகைய பருவகாலப் பணி பொதுவாக ஓர் ஆண்டில் 1,039 மணி நேரத்தை, அதாவது ஏறத்தாழ ஆறு மாதத்தைத் தாண்டாது என்பதால், ஆண்டின் அடுத்த பாதிக்கு என்ன செய்வது என்பதையும் இப்போதே யோசியுங்கள். பணியாளர் குடியிருப்பின் வாடகை சம்பளத்திலேயே பிடிக்கப்படும். சமையலறை பெரும்பாலும் பொதுவானது. பிரஷர் குக்கர் கொண்டு செல்லுங்கள், ஆனால் முதல் விசில் அடிக்கும் முன்பே வீட்டிலுள்ள மற்றவர்களிடம் சொல்லிவிடுங்கள். சாவி தரும் அலுவலகம் மாலையில் மூடிவிடும். ஆகவே ஐந்தாம் நாள் கிங்மனிலிருந்து காலை ஏழு மணிக்குள் கிளம்புங்கள்.

பிப்ரவரியில் மீண்டும் மழை பெய்து, ஏரி ஆறு மைல் நீளத்துக்கு விரிந்தது. மக்கள் படகு விட்டார்கள். பிப்ரவரி கடைசி நாளில் தொடங்கிய பெருங்காற்று இரண்டே நாளில் அந்த ஏரியை இரண்டு மைல் வடக்கே தள்ளிவிட்டது. ஏப்ரலில் நான் அதே சாலையில் வீடு திரும்பியபோது, பரம்ப் முதல் ஃபோர்ட் ஸ்டாக்டன் வரை கிரியோசோட் மஞ்சளாகப் பூத்திருந்தது. அந்த முறை ஆறு நாள் எடுத்துக்கொண்டேன்.