அதிபர் வாக்குறுதி எங்கே சிக்குகிறது?

கேள்வி: எந்தக் கட்சி ஜெயித்தாலும் அமெரிக்க அதிபர்கள் தேர்தலில் சொன்னதைச் செய்வதில்லையே, ஏன்?

பதில்: வாக்குறுதி தருபவர் அதிபர், சட்டம் இயற்றுவதும் பணம் ஒதுக்குவதும் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம். அதன் மேலவையான செனட்டில் 100 பேர். பெரும்பாலான மசோதாக்களில் விவாதத்தை முடித்து ஓட்டெடுப்புக்குப் போகவே 60 பேர் வேண்டும். எதிர்க்கட்சி அங்கேயே முட்டுக்கட்டை போட்டுவிடும். பட்ஜெட் சார்ந்தவற்றுக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். அதிலும் சொந்தக் கட்சிக்காரர்களே காலை வாருவதுண்டு: 2017 ஜூலையில் ஒபாமாகேர் என்ற மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் சில பகுதிகளை நீக்கும் மசோதா, அதிபர் டிரம்பின் குடியரசுக் கட்சிக்கு 52 இடங்கள் இருந்தும் 49-51 என்று தோற்றது.

அதிபரே ஆணை போட்டால்? ஒபாமா போட்டார். கியூபாவில் அமெரிக்க ராணுவம் நடத்தும் குவாண்டனாமோ சிறையை ஓராண்டுக்குள் மூடச் சொல்லி, 2009 ஜனவரியில். கைதிகளை அமெரிக்க மண்ணுக்கு மாற்றப் பணம் தர காங்கிரஸ் மறுத்தது, சிறை மூடப்படவில்லை. ஆணையில் இன்னொரு ஓட்டை, அடுத்து வருபவர் ஒரே கையெழுத்தில் அதை ரத்து செய்துவிடலாம்.