எடின்பரோவுக்குப் பக்கத்தில் ஆறும் குன்றுமாக உள்ள இடத்தில் மவுண்டன் பைக் ஓட்ட எங்கே போகலாம்? புதியவர்களால் முடியுமா?

“எடின்பரோவுக்கு வேலைக்கு வந்திருக்கிறேன், ஊரில் சாதா சைக்கிள் ஓட்டிய பழக்கம் மட்டும்தான், வயலும் ஆறும் குன்றுமாக இருக்கிற கிராமப்புறத்தில் மவுண்டன் பைக் ஓட்ட ஆசை, ஆனால் யாருடைய நிலத்திலாவது நுழைந்து திட்டு வாங்கிவிடுவேனோ என்று பயம்.” நீங்கள் கேட்டிருப்பது இதுதான்.

ட்வீட் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குப் போங்கள். நானும் எடின்பரோவில்தான் பல வருடங்களாக இருக்கிறேன். மழை விட்ட வார இறுதி என்றால் பெரும்பாலும் அங்கேதான் இருப்பேன். ஸ்காட்லாந்தில் இதைவிட உயரமான மலைகளும் கரடுமுரடான பாதைகளும் நிறைய உண்டு. ஆனால் ஆற்றங்கரைச் சமதளத்தில் தொடங்கி, அந்தப் பள்ளத்தாக்கை விட்டு வெளியே போகாமலே, கொஞ்சம் கொஞ்சமாக மலைமேடு வரை பழகிக்கொள்ளலாம் என்றால் அது ட்வீட்தான். புதியவர்களால் தாராளமாக முடியும்.

முதலில் அந்தப் பயத்தைப் பார்த்துவிடுவோம். ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, நிலமும் நீர்நிலையும் யாருக்குச் சொந்தமாக இருந்தாலும் பெரும்பாலானவற்றில் பொறுப்போடு நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் குதிரையில் போகவும் எல்லோருக்கும் உரிமை உண்டு. 2005 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அனுமதிச் சீட்டு கிடையாது, கட்டணம் கிடையாது. இங்கிலாந்தில் அப்படி இல்லை. அங்கே குதிரைப் பாதை என்று குறித்த தடங்களில் சைக்கிள் போகலாம், நடைபாதை என்று குறித்தவற்றில் அந்த உரிமை இல்லை. எனவே அந்தப் பக்கத்து நண்பர்கள் சொல்லும் எச்சரிக்கையை இங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம். வீட்டுத் தோட்டம், பயிர் நிற்கும் வயல், பள்ளி வளாகம் ஆகியவற்றுக்கு இந்த உரிமை பொருந்தாது. மோட்டார் வண்டிகளுக்கும் பொருந்தாது.

பதிலுக்கு நம்மிடம் எதிர்பார்ப்பது கொஞ்சம் மரியாதைதான். கேட்டை எப்படிப் பார்த்தோமோ அப்படியே விட்டுப் போக வேண்டும். மூடியிருந்தால் மூடிவிட வேண்டும், திறந்து கட்டியிருந்தால் அப்படியே விட வேண்டும். ஆடு மந்தையாக நின்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். ஏப்ரல், மே மாதங்களில் செம்மறிகள் குட்டி போட்டிருக்கும். வேகமாக வரும் சைக்கிளைக் கண்டு தாய் ஒரு பக்கமும் குட்டி ஒரு பக்கமுமாக ஓடிவிட்டால் விவசாயிக்கு அது பெரிய தொல்லை. நடப்பவர்களுக்குப் பின்னால் வரும்போது தூரத்திலேயே மணி அடித்து, வேகத்தைக் குறைத்து, ஒரு வணக்கம் சொல்லிக் கடந்து போங்கள். இவ்வளவு போதும்.

சரி, இடத்துக்கு வருவோம். ட்வீட் ஆறு தெற்கு ஸ்காட்லாந்தின் மலைகளில் பிறந்து, கிழக்கே சுமார் 156 கிலோமீட்டர் ஓடி, இங்கிலாந்துக்குள் பெரிக் என்ற ஊரில் வடகடலில் சேர்கிறது. நமக்கு வேண்டியது நடுவில் பீபிள்ஸ், இன்னர்லீதன், வாக்கர்பர்ன் என்ற ஊர்களை ஒட்டிய பகுதி. கம்பளி ஆலைகளால் வளர்ந்த ஊர்கள் இவை. ஆற்றை ஒட்டி வைக்கோல் வயலும் மேய்ச்சல் நிலமும் இருக்கும். அதற்கு மேல் ஊசியிலைக் காடு. அதற்கும் மேலே மரமில்லாத வட்ட வட்டமான குன்றுகள், ஆகஸ்டில் ஹெதர் என்ற குறும்புதர் பூத்து ஊதாவாகக் கிடக்கும். இந்த மூன்று அடுக்கையும் ஒரே நாளில் சைக்கிளில் தொட்டுவிடலாம்.

முதல் நாள் மலைப்பக்கமே போக வேண்டாம். பீபிள்ஸிலிருந்து இன்னர்லீதனுக்கு ஆற்றை ஒட்டிப் பழைய ரயில் தடம் ஒன்று போகிறது. அந்த ரயிலை 1962-இல் நிறுத்திவிட்டார்கள். இப்போது அந்தத் தடம் நடப்பவர்களுக்கும் சைக்கிள்களுக்கும் ஆனது. சுமார் 10 கிலோமீட்டர், ஏற்றம் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. வாடகைக்கு எடுத்த சைக்கிளின் கியரும் பிரேக்கும் கைக்குப் பழக இதைவிட நல்ல பாதை கிடையாது. மவுண்டன் பைக்கின் டிஸ்க் பிரேக் ஊர் சைக்கிள் பிரேக் மாதிரி அல்ல, ஒரு விரலே போதும். நான்கு விரலாலும் இறுக்கிப் பிடிக்கும் பழக்கத்தை இந்தச் சமதளத்திலேயே விட்டுவிட வேண்டும்.

அடுத்தது கிளென்ட்ரெஸ் காடு, பீபிள்ஸுக்குக் கிழக்கே சில கிலோமீட்டரில். முதல் உலகப் போரில் மரத்துக்குத் தட்டுப்பாடு வந்ததால் 1919-இல் பிரிட்டனில் வனத்துறை ஆணையம் அமைத்து, இப்படி மொட்டையாகக் கிடந்த குன்றுகளில் ஊசியிலை மரங்களை நட்டார்கள். மரத்துக்காக வளர்த்த காட்டில் சைக்கிள் பாதை வந்தது பிற்பாடு. 2001-இல் பிரிட்டன் முழுக்கக் கோமாரி நோய் பரவி, 60 லட்சத்துக்கும் அதிகமான ஆடு மாடு பன்றிகளைக் கொன்றார்கள். தெற்கு ஸ்காட்லாந்தின் விவசாயக் குடும்பங்களுக்கு அது பேரிடி. அதற்கடுத்த வருடங்களில், இந்தப் பகுதிக்கு வேறு வழியிலும் வருமானம் வரட்டும் என்று செவன்ஸ்டேன்ஸ் என்ற பெயரில் காடுகளில் சைக்கிள் மையங்கள் அமைத்தார்கள். கிளென்ட்ரெஸ்ஸும் இன்னர்லீதனும் அதில் சேர்ந்தவை. ஓட்டிக் களைத்து வந்து ஊர்க் கடையில் சூப்பும் ரொட்டியும் வாங்கிச் சாப்பிடும்போது, அந்தப் பணம் அந்த ஊரிலேயே தங்குவதில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

பாதைகளுக்கு நிறம் கொடுத்திருப்பார்கள். பச்சை எளிது, நீலம் நடுத்தரம், சிவப்பு கடினம், கறுப்பு மிகக் கடினம். இந்த நிறத்தை அப்படியே நம்பலாம். 2023 சைக்கிள் உலக சாம்பியன்ஷிப்பின் கிராஸ் கன்ட்ரி பந்தயம் இந்தக் காட்டில்தான் நடந்தது. ஆண்களில் டாம் பிட்காக்கும் பெண்களில் போலின் ஃபெரான் பிரேவோவும் வென்றார்கள். அதைக் கேட்டு மிரள வேண்டாம், அதே காட்டின் பச்சைப் பாதையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். பச்சையில் ஒரு சுற்று, உடம்பு ஒத்துழைத்தால் நீலத்தில் ஒரு சுற்று, அது போதும்.

நீலப் பாதையில்தான் முதல் முறையாக உண்மையான ஒற்றையடி இறக்கம் வரும். அங்கே நான்கு விஷயம் தெரிந்தால் விழாமல் தப்பிக்கலாம். இறக்கம் தொடங்கும் முன் சீட்டை நன்றாகத் தாழ்த்திவிடுங்கள். உட்காராமல் எழுந்து நில்லுங்கள். இரண்டு பெடலும் தரைக்கு இணையாக ஒரே மட்டத்தில் இருக்கட்டும், முழங்கால் மடங்கி, குதிகால் சற்றே கீழே இறங்கி இருக்க வேண்டும். கண் முன் சக்கரத்தைப் பார்க்கக் கூடாது, அடுத்த வளைவைப் பார்க்க வேண்டும். வளைவின் வெளிப்பக்கத்தில் மண்ணை அணைபோல் உயர்த்திக் கட்டியிருப்பார்கள், பெர்ம் என்பார்கள். வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, உள்ளே போனதும் பிரேக்கை விட்டுவிட்டால் அந்த அணை உங்களைத் தானே திருப்பிவிடும்.

மர வேர்கள் வேறு கதை. ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் வேர் மண்ணுக்கு மேலேயே பின்னிக் கிடக்கும், மழை பெய்தால் சோப்புத் தண்ணீர் ஊற்றிய தரைதான். வேரின்மேல் இருக்கும்போது பிரேக் பிடித்தால் சக்கரம் பக்கவாட்டில் ஓடிவிடும். வேருக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், சக்கரம் வேரைக் குறுக்காக, நேருக்கு நேராக வெட்டும்படி திருப்புங்கள், பிரேக்கிலிருந்து விரலை எடுத்துவிட்டுக் கடந்து போங்கள். டயரில் காற்று கல்லுப்போல் இருக்கக் கூடாது. ட்யூப் இல்லாத அகல டயர் என்றால், சராசரி எடையுள்ளவருக்கு 25 பிஎஸ்ஐ அளவில் இருந்தாலே நல்ல பிடிமானம் கிடைக்கும். வாடகைக் கடையிலேயே கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னர்லீதன் பக்கம் போனால் கோல்ஃப் மைதானத்துக்குப் பின்னால் உள்ள சரிவைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், கோல்ஃபி என்பார்கள். இதன் இறக்கங்கள் செங்குத்தானவை, மெத்தென்ற மண்ணும் வேருமாக இருப்பவை. உள்ளூர்க்காரர்கள் கையால் வெட்டி உருவாக்கிய தடங்கள் அவை. இன்றும் ட்வீட் வேலி டிரெயில்ஸ் அசோசியேஷன் தன்னார்வலர்கள் மண்வெட்டியும் கையுமாக வந்து வடிகால் எடுத்து, பாதையைச் சீர்செய்கிறார்கள். அருமையான இடம். ஆனால் சிவப்புப் பாதைகளில் சிரமமில்லாமல் இறங்கத் தெரிந்த பிறகுதான் அங்கே போக வேண்டும்.

என் மனதுக்கு நெருக்கமான வழி வேறொன்று. இன்னர்லீதனுக்கு எதிர்க்கரையில் டிராக்வேர் என்ற கிராமம். அங்கிருந்து மின்ச் மூர் மலைக்கு ஏறும் பழைய பாதை, அந்தக் காலத்தில் மாடுகளைச் சந்தைக்கு ஓட்டிப்போன வழி. 1645-இல் பிலிப்ஹா என்ற இடத்தில் நடந்த போரில் தோற்ற மான்ட்ரோஸ் பிரபு தப்பியோடியதும் இந்த மலை வழியாகத்தான். ஏற்றம் நீளமானது, சிறிய கியரில் போட்டு மூச்சு வாங்கிக்கொண்டே போக வேண்டியதுதான். மேலே சீஸ் வெல் என்று ஒரு சிறு ஊற்று இருக்கிறது. வழிப்போக்கர்கள் அங்குள்ள தேவதைகளுக்கு ஒரு துண்டு சீஸ் வைத்துவிட்டுப் போவார்களாம். உச்சி 567 மீட்டர். அதன் பிறகு மேட்டின்மேலேயே கிழக்கே போனால் காடும் ஹெதரும் மாறி மாறி வரும். மூன்று நிலங்களின் எல்லை கூடும் இடத்தில் ஆள் உயரத்துக்கும் மேலான மூன்று கல் கோபுரங்கள் நிற்கும், த்ரீ பிரெத்ரன் என்று பெயர். அங்கே நின்றால் கீழே ட்வீட் வளைந்து போவதும் அதன் இரு பக்கமும் வயல்கள் கட்டம் கட்டமாக இருப்பதும் தெரியும். அப்புறம் யேர் பக்கமாக ஆற்றுக்கு இறங்கி, எலிபேங்க் வழியாகத் தென்கரையில் போகும் வாகனம் குறைந்த சின்னச் சாலையில் டிராக்வேருக்குத் திரும்பிவிடலாம். பந்தயத் தடங்களை மட்டும் ஓட்டிவிட்டு எடின்பரோ திரும்புகிறவர்கள் இந்தப் பள்ளத்தாக்கைப் பாதிதான் பார்த்திருக்கிறார்கள் என்பது என் கருத்து. உங்களுக்கு முதல் வருடக் கடைசியில் இது சாத்தியம்.

பாதை மூடியிருக்கிறது என்று பலகை இருந்தால் சுற்றிக்கொண்டு போய்விடாதீர்கள். 2021 நவம்பரில் வந்த ஆர்வென் புயலில் இந்தக் காடுகளில் ஏராளமான மரங்கள் சாய்ந்தன. அவற்றை அகற்றும் வேலையால் பல தடங்கள் நெடுநாள் மூடிக் கிடந்தன. மரம் வெட்டும் இயந்திரத்தை ஓட்டுபவருக்கு நீங்கள் வருவது தெரியாது. கிளம்பும் முன் காட்டை நிர்வகிக்கும் ஃபாரஸ்ட்ரி அண்டு லேண்ட் ஸ்காட்லாந்தின் இணையப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

போவதற்கு எடின்பரோவிலிருந்து எக்ஸ்62 பஸ் இருக்கிறது, பீபிள்ஸ் ஏறக்குறைய ஒரு மணி நேரம். சைக்கிள் வைக்க இடம் உள்ள பஸ்களும் அந்தத் தடத்தில் ஓடுகின்றன, ஆனால் இடம் குறைவு. முதல் சில முறை வாடகை சைக்கிளே நல்லது. மே முதல் செப்டம்பர் வரை போங்கள். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், டிசம்பரில் நாலு மணிக்குள் இருட்டிவிடும். வெயில் அடித்தாலும் மழைக்கோட்டு பையில் இருக்கட்டும். ஹெல்மெட்டோடு முழங்கால் காப்பும் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் எல்லாம் பார்த்து உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று தேடுங்கள். புல்லிலும் ஹெதரிலும் இருந்து ஏறும், லைம் நோய் அதனால்தான் வருகிறது. இருந்தால் முனை மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல் நேராக மேலே இழுத்து எடுங்கள். அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பாகப் பரவினால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.