வீட்டில் சும்மா இருக்கும் தங்கச்சி

கேள்வி: அம்மா, வணக்கம். நான் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். இங்கிலாந்து போவதற்காக, மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்கான இங்கிலீஷ் தேர்வான ஓ.இ.டி. எழுதினேன். லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் பி கிரேடு. ரைட்டிங்கில் மட்டும் இரண்டு முறையும் சி.

'கிராமர் பரவாயில்லை, பாராதான் சரியில்லை' என்கிறார் கோச்சிங் சார். மாதிரிக் கடிதங்களை மனப்பாடம் செய்துவிட்டேன். வொகாபுலரிக்குத் தனி நோட்டு போட்டிருக்கிறேன். நைட் டியூட்டி முடிந்து வந்தும் ஒரு கடிதம் எழுதிப் பார்க்கிறேன். முன்னேற்றமே இல்லை.

இங்கிலீஷில் ஒரு பாராவை எப்படித் திட்டமிட்டு எழுதுவது? பேசாமல் பொது இங்கிலீஷ் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ்.ஸுக்கு மாறிவிடலாமா? நான் எழுதிய பயிற்சிக் கடிதம் ஒன்றை இணைத்திருக்கிறேன். (எனக்குத் தமிழிலும் கோர்வையாக வராது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதியது என் தங்கச்சி. ப்ளஸ் டூ முடித்துவிட்டு மூன்று வருடமாக வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்.)

— பெயர் வேண்டாம், திருமங்கலம்

பதில்: தம்பி, பாராவுக்கு அப்புறம் வருகிறேன். அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்களே, அதை முதலில் பேசுவோம். 'சும்மாதான் இருக்கிறாள்' என்று நீங்கள் சொல்ல, அதை அந்தப் பெண் தன் கையாலேயே எழுதியிருக்கிறாள். எழுதும்போது அவள் முகத்தை ஒரு தடவையாவது பார்த்தீர்களா?

அவள் என்ன செய்திருக்கிறாள் என்று பாருங்கள். முதல் பாராவில் நீங்கள் யார், எதில் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டாவதில் இதுவரை செய்து பார்த்தவை, அவ்வளவுதான். மூன்றாவதில் என்னிடம் உங்களுக்கு என்ன வேண்டும். கோச்சிங்குக்கு எவ்வளவு கட்டினீர்கள், ஏஜென்சிக்காரர் என்ன சொன்னார், உங்கள் பேட்ச்சில் யார் யார் போய்விட்டார்கள், இதெல்லாம் ஒன்றுமே இல்லை. நீங்கள் சொல்லாமலா இருந்திருப்பீர்கள்? இந்த அம்மாவுக்கு இது எதற்கு என்று அவள் விட்டிருக்கிறாள்.

இப்போது நீங்கள் இணைத்த இங்கிலீஷ் கடிதம். ஒரு பாட்டி கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகிறார். வீட்டுக்கு வந்து கவனிக்கப்போகும் கம்யூனிட்டி நர்ஸுக்கு நீங்கள் எழுத வேண்டும். உங்கள் முதல் பாரா பிறந்த தேதியில் ஆரம்பிக்கிறது. அடுத்து கல்யாணம், இரண்டு பிள்ளைகள், சின்ன வயதில் எடுத்த அப்பெண்டிக்ஸ், தோட்ட வேலையில் ஆர்வம். பென்சிலின் அலர்ஜி என்ற விஷயம் தோட்டத்துக்கும் வெளியூரில் இருக்கும் மகளுக்கும் நடுவில் கிடக்கிறது! தையல் பிரிக்க வேண்டும், ரத்தம் உறையாமலிருக்க ஊசி தொடர வேண்டும் என்பதெல்லாம் கடைசி வரிக்கு முந்தின வரியில்தான் வருகிறது. நடுவே நாலு இடத்தில் 'மோர்ஓவர்'. கிராமர் பிழை என்று பார்த்தால் இரண்டோ மூன்றோதான். உங்கள் கோச்சிங் சார் சொன்னது சரி.

நோயாளியைப் பற்றிப் பரீட்சையில் கொடுக்கும் குறிப்பான கேஸ் நோட்ஸில் இருந்ததையெல்லாம் இருந்த வரிசையிலேயே அள்ளிக் கொட்டியிருக்கிறீர்கள். வேண்டாததையும் வேண்டுமென்றேதான் அந்த நோட்ஸில் கலந்து வைத்திருப்பார்கள். எதை எடுக்கிறீர்கள், எதை விடுகிறீர்கள் என்பதுதான் பரீட்சை. மார்க் போடுவது ஆறு விஷயங்களுக்கு. கடிதத்தின் நோக்கம் தெரிகிறதா என்பதற்கு 3. உள்ளடக்கம், சுருக்கமும் தெளிவும், நடை, ஒழுங்கு, மொழி இவை ஒவ்வொன்றுக்கும் 7. ஆக மொத்தம் 38இல் கிராமரும் வொகாபுலரியும் சேர்ந்த மொழிக்கு 7தான். அந்த ஏழுக்காக நோட்டு நோட்டாக எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். மீதியை யார் பார்ப்பது?

நைட் முடிந்து அடுத்த ஷிஃப்ட் நர்ஸுக்கு ஹேண்டோவர் கொடுக்கும்போது, ஏழாம் பெட் பேஷன்டுக்குக் கல்யாணமான வருஷத்தையா சொல்கிறீர்கள்? ட்ரிப்ஸ் எப்போது முடியும், காலையில் எந்த ஊசி பாக்கி, ரவுண்ட்ஸில் டாக்டரிடம் எதைக் கேட்க வேண்டும், இதைத்தானே சொல்கிறீர்கள்? அந்தப் புத்தியைப் பரீட்சை ஹாலுக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறீர்கள். காரணம் அந்த மாதிரிக் கடிதங்கள். முதல் 5 நிமிடம் எழுத விடமாட்டார்கள், படிக்க மட்டும்தான். அந்த 5 நிமிடமும் நீங்கள் மனப்பாடம் செய்த கடிதத்தில் இந்த நோயாளியை எங்கே செருகலாம் என்று தேடிக்கொண்டிருக்கிறீர்கள். அதை நிறுத்துங்கள்.

படிக்கும்போது மூன்றே கேள்வி. யார் படிக்கப் போகிறார்? நாளைக் காலையிலிருந்து அவர் என்ன செய்ய வேண்டும்? அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும்? இதே பாட்டியைப் பற்றி அவருடைய குடும்ப டாக்டருக்கு எழுதினால் பழைய சுகர் கதையை விவரிக்கத் தேவையில்லை, அவரிடமே ஃபைல் இருக்கும். பாட்டியை முன்பின் பார்த்திராத நர்ஸுக்கு எழுதினால் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆள் மாறினால் பாராவும் மாறும்.

பிறகு இருக்கும் 40 நிமிடத்தில் முதல் ஐந்தாறு நிமிடத்தைத் திட்டத்துக்குக் கொடுங்கள். எதற்கு எழுதுகிறேன் என்பது ஒன்று, ஆஸ்பத்திரியில் நடந்ததும் இப்போதைய நிலையும் இரண்டு, பழைய நோய், மருந்து, அலர்ஜி மூன்று, கடிதத்தைப் படிக்கிறவர் செய்ய வேண்டியது நான்கு. நோட்ஸில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இந்த நம்பரில் ஒன்றைப் போடுங்கள். எந்த நம்பரும் பொருந்தாத வரி கடிதத்துக்குள் வரக்கூடாது. தோட்டம் போயிற்றா, சந்தோஷம். கடிதத்துக்கு அவர்கள் சொல்லும் அளவு சுமார் 180 முதல் 200 வார்த்தை. நாலு பாராவுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு ஐம்பது வார்த்தை, மிஞ்சிப்போனால் நாலு வாக்கியம். பிறந்த தேதியை மேலே நோயாளியின் பெயர் எழுதும் வரியில் போட்டுவிட்டால் பாராவுக்குள் அதற்கு வேலையே இல்லை.

பாராவின் முதல் வாக்கியம், இது எதைப் பற்றியது என்று சொல்லிவிட வேண்டும். கடிதத்தின் முதல் வரியே, பாட்டியின் பெயரைப் போட்டு, 'ஈஸ் பீயிங் டிஸ்சார்ஜ்ட் டுடே ஆஃப்டர் ஹிப் சர்ஜரி அண்ட் நீட்ஸ் யுவர் கேர் அட் ஹோம்' என்று நேராக வரட்டும். படிக்கிற நர்ஸுக்கு விஷயம் அங்கேயே புரிந்துவிடும். அடுத்து வரும் வாக்கியங்கள் முதல் வாக்கியத்துக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், நடந்த வரிசையிலும் இருக்க வேண்டும். பாரா தொடங்கும்போது ஒரு தடவை பெயர், அப்புறம் 'ஷீ' போதும். அதிலேயே ஒட்டிக்கொள்ளும், மோர்ஓவர் எதற்கு?

எழுதி முடித்ததும் தங்கச்சியைக் கூப்பிடுங்கள். நாலு பாராவின் முதல் வாக்கியங்களை மட்டும் வாசித்துக் காட்டுங்கள். பாட்டிக்கு என்ன ஆயிற்று, இனி யார் என்ன செய்ய வேண்டும் என்று அவள் சொல்லிவிட்டால் கடிதம் தேறிவிட்டது. அவள் முழித்தால் திருப்பி எழுதுங்கள். அவளுடைய ப்ளஸ் டூ இங்கிலீஷ் இதற்குப் போதும்.

ஐ.இ.எல்.டி.எஸ். வேண்டாம். அங்கே ஒரு மணி நேரத்தில் இரண்டு எழுத வேண்டும், ஒன்று 150 வார்த்தை, இன்னொன்று 250. இங்கிலாந்து நர்சிங் கவுன்சில் அதில் ரைட்டிங்குக்கு 6.5, மற்ற மூன்றுக்கும் 7 கேட்கிறது. ஓ.இ.டி. ரைட்டிங்குக்குக் கேட்பது சி பிளஸ், அதாவது 500க்கு 300. நீங்கள் அதற்கு ஒரே ஒரு படி கீழே நிற்கிறீர்கள். தெரிந்த வார்டை விட்டுவிட்டு, நகரத்தில் வாழ்வது நல்லதா கிராமத்தில் வாழ்வது நல்லதா என்று கட்டுரை எழுதப் போவானேன்?

இனி அந்தப் பெண் விஷயம். உங்களை நாலு வருடம் நர்சிங் படிக்க வைத்த வீடு அவளை ப்ளஸ் டூவோடு ஏன் நிறுத்தியது என்று கடிதத்தில் இல்லை. எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலும் இல்லைதான். அண்ணன் வெளிநாடு போய்ச் செட்டிலாகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். அந்த 'அப்புறம்' வரும்போது அவளுக்கு மாப்பிள்ளை பார்த்திருப்பார்கள், நீங்கள் அங்கிருந்து நகைக்குப் பணம் அனுப்புவீர்கள், ஊரே உங்களை நல்ல அண்ணன் என்று சொல்லும். நான் சொல்லமாட்டேன். வீட்டுக் காசில் முதலில் படித்தவனுக்கு அடுத்த பிள்ளையின் படிப்பு கடன், அது நகைக்கணக்கில் கழியாது. அதோடு சமைப்பதும், துவைப்பதும், நைட் டியூட்டி முடிந்து தூங்கும் அண்ணன் எழும்பாதபடி வீட்டைப் பார்த்துக்கொள்வதும் சும்மா இருப்பதில் சேர்த்தியா?

அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ப்ளஸ் டூ ரிசல்ட்டை ஒட்டி, மே மாத வாக்கில் இணையத்தில் விண்ணப்பம் போடச் சொல்வார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை அவள் அரசுப் பள்ளியில் படித்திருந்தால், 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்க வழி உண்டு. தபால் வழிப் படிப்புக்கு அது கிடையாது. 'வீட்டிலிருந்தே படிக்கட்டும்' என்று யாராவது ஆரம்பித்தால் இதைச் சொல்லுங்கள். மூன்று வருட இடைவெளிக்கு என்ன கேட்பார்கள் என்று கல்லூரிக்கே நேரில் போய் விசாரியுங்கள். அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள், எந்தப் பாடம் வேண்டுமென்று அவளே சொல்லட்டும். மூன்றாவது தடவை ஓ.இ.டி.க்குப் பணம் கட்டுவது அதற்கு அப்புறம்.