சுரங்கப் பாதுகாப்பு ஆய்வாளரின் வேலை என்ன? கேள்வி பதில்

மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் உள்ள சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்தில் ஆய்வு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். 1902-ல் தொடங்கிய துறை இது. தலைமையகம் ஜார்க்கண்டில் உள்ள தன்பாத். நான் வேலை பார்த்தது 1952 சுரங்கச் சட்டத்தின் கீழ், ஆகவே கீழே சொல்லும் விதிகள் அந்தச் சட்டத்தையும் அதன் ஒழுங்குமுறைகளையும் ஒட்டியவை. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு 2020-ன் தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. கல்குவாரி பற்றிய கேள்விகளுக்கு முதலிடம் கொடுக்கிறேன், தமிழ்நாட்டில் ஆள் சாவது அங்கேதான்.

கிண்டி மாணவர்: சார், மைனிங் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வாளர் குவாரிக்குப் போனால் உண்மையில் எதைப் பார்ப்பார்? ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவார் என்கிறார்கள் சீனியர்கள்.

தம்பி, ரெஜிஸ்டர் கடைசி. முதலில் சுவர். குழிக்குள் இறங்குவதற்கு முன்பே மேல் விளிம்பைச் சுற்றி நடக்க வேண்டும். விளிம்புக்கு இணையாக மண்ணில் வெடிப்பு ஓடியிருக்கிறதா, அதில் மழைத் தண்ணீர் இறங்குகிறதா, மேல்மண்ணை விளிம்பை விட்டுத் தள்ளி எடுத்திருக்கிறார்களா என்று பார்ப்போம். மேல்மண், கிராவல் போன்ற இளகிய மண்ணில் சரிவு 45 பாகைக்கு மேல் போகக் கூடாது. படி வெட்டினால் உயரம் 1.5 மீட்டர் தாண்டக் கூடாது, அகலம் உயரத்துக்குக் குறையக் கூடாது. கெட்டிப் பாறையில் பெஞ்ச், அதாவது வெட்டிவிடும் படி, 6 மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது, அகலமும் அதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். அடியைக் குடைந்து மேலே பாறை தொங்குகிற மாதிரி விடவே கூடாது. மற்ற எதையும் பார்க்க நேரமில்லாமல் போனாலும் இதை மட்டும் பார்க்காமல் திரும்பக் கூடாது.

பிறகு ஆட்கள். மேட், அதாவது ஆட்களை நேரில் மேற்பார்ப்பவர் யார், ஃபோர்மேன் யார், வெடி வைப்பவர் யார், அவர்களிடம் தகுதிச் சான்றிதழ் இருக்கிறதா? வெடிமருந்து வைத்தும் வெடிக்காமல் நின்றுபோன டிரில் குழி எங்கே, அதை என்ன செய்தார்கள்? பழைய குழியில் மிஞ்சிய அடிப்பகுதியிலேயே மறுபடி டிரில் போடுகிறார்களா? இந்த ஒரு பழக்கம் எத்தனையோ பேரின் கண்ணையும் கையையும் எடுத்திருக்கிறது. வெடிக்காத குழியிலிருந்து குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளி, அதற்கு இணையாகத்தான் புதுக் குழி போட வேண்டும்.

அதன் பிறகு ரெஜிஸ்டர். வருகைப் பதிவில் உள்ள பெயர்களையும் குழிக்குள் தெரியும் ஆட்களையும் எண்ணிப் பார்த்தால் பல விஷயம் வெளியே வரும்.

நிலத்தடி நிலக்கரியில் கணக்கே வேறு. காற்றில் மீத்தேன் 1.25 சதவீதம் ஆனால் மின்சாரத்தை நிறுத்தி ஆட்களை வெளியேற்ற வேண்டும். 5 முதல் 15 சதவீதத்துக்குள் அது வெடிக்கும். தண்ணீர் தேங்கிய பழைய சுரங்கம் பக்கத்தில் இருந்தால் 60 மீட்டருக்குள் அனுமதி இல்லாமல் நெருங்கக் கூடாது. 1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் பக்கம் சாஸ்நாலாவில் 375 பேர் இறந்தது, பழைய சுரங்கத்தில் தேங்கியிருந்த தண்ணீர் உடைத்துக்கொண்டு உள்ளே வந்ததால்.

ஆய்வாளர் பகலோ இரவோ எந்த நேரமும் நுழையலாம். உடனடி ஆபத்து என்று பட்டால், காரணத்தை எழுதி, அந்த இடத்தில் வேலையை அங்கேயே நிறுத்தலாம். 1952 சட்டத்தின் 22-ஆம் பிரிவு அதற்குத்தான்.

திருச்சி வாசகர்: எங்கள் ஊர் ஆற்றில் இரவில் மணல் அள்ளுகிறார்கள். உங்கள் துறை ஏன் பிடிப்பதில்லை?

அது எங்கள் துறையின் அதிகாரத்தில் இல்லை. குத்தகை, உரிமம், திருட்டு மணல் எல்லாம் மாநில அரசின் புவியியல் மற்றும் சுரங்கத் துறை, மாவட்ட ஆட்சியர், காவல்துறை. நாங்கள் பார்ப்பது வேலை செய்பவரின் உயிர்.

கரூர் வாசகர்: ஐயா, பக்கத்துக் குவாரியில் வெடி வைத்தால் வீடு அதிர்கிறது. சுவரெல்லாம் விரிசல். எவ்வளவு அதிர்வு வரலாம் என்று ஏதாவது அளவு உண்டா?

உண்டு. 1997-ல் எங்கள் இயக்குநரகம் சுற்றறிக்கையாகவே போட்டது. சுரங்க உரிமையாளருக்குச் சொந்தமில்லாத குடியிருப்பு வீடுகளில், நிலத்தின் அதிர்வு வேகம் தாழ்ந்த அதிர்வெண்ணில், அதாவது 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே, நொடிக்கு 5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. 8 முதல் 25 ஹெர்ட்ஸ் வரை 10, அதற்கு மேல் 15. உடம்பு இதைவிடக் குறைந்த அதிர்வையும் உணரும். அதனால் "அதிர்கிறது" என்று மட்டும் மனு எழுதினால் நிற்காது. வெடி வைத்த தேதி, நேரம், எத்தனை முறை என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். அளவுக் கருவியைக் குவாரி வாசலில் வைக்காமல் உங்கள் வீட்டு அஸ்திவாரத்தை ஒட்டி வைத்து அளக்கச் சொல்லி எழுதிக் கேளுங்கள்.

விரிசலை விட நான் பயப்படுவது பறந்து வரும் கல்லுக்கு. ஆழ்துளை போட்டு வைக்கும் வெடிக்கு 500 மீட்டர் ஆபத்து வளையம். அதற்குள் சைரன், சிவப்புக் கொடி, பாதையில் காவலாள் இல்லாமல் வெடிக்கிறார்கள் என்றால் அதை மனுவின் முதல் வரியாக எழுதுங்கள்.

சேலம் இளைஞர்: இந்த வேலைக்கு குரூப் தேர்வு எழுத வேண்டுமா, ஐ.ஏ.எஸ். தேர்வா?

இரண்டும் இல்லை. மத்தியத் தேர்வாணையம் தனியாக விளம்பரம் செய்து எடுக்கும். மைனிங் பட்டம், முதல் வகுப்பு மேலாளர் தகுதிச் சான்றிதழ், சுரங்க அனுபவம் மூன்றும் வேண்டும். மின்பொறியியல், இயந்திரவியல், தொழில்சார் மருத்துவம் படித்தவர்களுக்கும் தனிப் பிரிவுகள் உண்டு.

ஓசூர் வாசகர்: பெர்மிட் இல்லாமல் எம்-சாண்ட் லாரி ஓடுகிறது. புகார் எண் தர முடியுமா?

திருச்சிக்காரருக்குச் சொன்னதே உங்களுக்கும். மாநிலத் துறை.

நாமக்கல் குவாரி ஒப்பந்ததாரர்: ஹெல்மெட், ஷூ, பெல்ட் எல்லாம் வாங்கிக் கொடுத்தாகிவிட்டது. போட மாட்டேன் என்கிறார்கள். சிலர் குடித்துவிட்டு வருகிறார்கள். விபத்து நடந்தால் மட்டும் ஓனர் மீதும் மேனேஜர் மீதும் வழக்கு. தொழிலாளியின் அலட்சியத்துக்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு?

இந்த "அலட்சியம்" என்ற சொல்லை எத்தனையோ விபத்து அறிக்கைகளில் படித்துவிட்டேன். படிக்கும் ஒவ்வொரு முறையும் கோபம் வரும். 2022 மே 14 இரவு நெல்லை அருகே அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து ஆறு பேர் சிக்கினார்கள். மீட்பு நடக்கும்போதே மேலிருந்து கல் உருண்டதால் தேடல் பல நாள் நீண்டது. அந்தப் பாறைக்கு அடியில் ஹெல்மெட் என்ன செய்யும்? ஹெல்மெட் தலையில் விழும் சிறு கல்லுக்கு. சுவரைத் தாங்குவது பெஞ்ச். பெஞ்ச் வெட்டுவது தொழிலாளியின் வேலையா? எங்கே தோண்டுவது, எவ்வளவு ஆழம், மழைக்குப் பிறகு இறங்கலாமா என்பதை முடிவு செய்பவர் யாரோ அவரிடம்தான் சட்டம் கேள்வி கேட்கும். குடித்து வந்தவரை உள்ளே விடாமல் இருப்பதும் மேற்பார்வையாளரின் கடமை. அது மட்டும் தொழிலாளியின் தலையில் எப்படி வரும்?

அதே ஒப்பந்ததாரர்: பேசுவது சுலபம் சார். எங்களுடையது இரண்டு ஏக்கர் குத்தகை. நீங்கள் சொல்கிற பெஞ்சைப் போட்டால் பாதிக் கல் பெஞ்சிலேயே நின்றுவிடும். சின்னக் குவாரிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று ஆடிட்டரே சொன்னார்.

இரண்டையும் பார்ப்போம். சிறு கனிமக் குவாரிக்கு விலக்கு உண்டு, ஆனால் மூன்று நிபந்தனையும் சேர்ந்து இருக்க வேண்டும்: ஆழம் எங்கேயும் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது, ஒரு நாளில் 50 பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது, வெடிமருந்து பயன்படுத்தக் கூடாது. ஒரு தோட்டா வைத்தாலும் விலக்கு போய்விட்டது. விலக்கு உள்ள இடத்திலும் ஆய்வாளர் நுழையும் உரிமையும், 18 வயதுக்கு உட்பட்டவரை வேலைக்கு வைக்கக் கூடாது என்ற விதியும் அப்படியே நிற்கும்.

இனி கணக்கு. இரண்டு ஏக்கர் என்பது சதுரமாக எடுத்தால் பக்கத்துக்கு 90 மீட்டர். எல்லையில் 7.5 மீட்டர் விட வேண்டும், ஆக 75. முதல் பெஞ்ச் 6 மீட்டர் ஆழத்தில் தளம் 75 மீட்டர். ஒவ்வொரு பெஞ்சுக்கும் இரு பக்கமும் சேர்த்து 12 மீட்டர் குறையும். இரண்டாவது 63, மூன்றாவது 51, நான்காவது 39, ஐந்தாவது 27. அதாவது 30 மீட்டர் ஆழத்தில் மிஞ்சுவது 27 மீட்டர் தளம்தான். அந்தக் குத்தகையில் பத்திரமாக எடுக்கக்கூடிய கல் அவ்வளவுதான். அதற்குக் கீழே எடுப்பவர் சுவரைத் தாங்கும் கல்லை எடுக்கிறார். குத்தகை எடுக்கும் நாளிலேயே இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் விலையை வேறு மாதிரி பேசியிருப்பீர்கள்.

பெயர் வேண்டாம், குவாரி மேட்: ஐயா, நான் சான்றிதழ் உள்ள மேட். போன மழைக்குப் பிறகு மேல் விளிம்பில் வெடிப்பு தெரிகிறது. ஹிட்டாச்சியை அடியில் விட்டு எடுக்கச் சொல்கிறார்கள். முடியாது என்றால் நாளை வேறு ஆள் வருவான். மூடினால் முப்பது குடும்பத்துக்குக் கூலி இல்லை. என்ன செய்வது?

உங்கள் கேள்விக்குத்தான் இன்று நான் உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆட்களையும் வண்டியையும் அந்தச் சுவரின் கீழிருந்து நகர்த்துங்கள். இன்றைக்கே. வெடிப்பின் இரு பக்கமும் ஆணி அடித்து இடைவெளியை அளந்து வையுங்கள், நாளை மறுபடி அளங்கள். கூடினால் சுவர் நகர்கிறது. கண்டதை உங்கள் தினசரி அறிக்கையில் எழுதி, தேதியும் நேரமும் போட்டு, மேலாளரின் கையெழுத்து வாங்குங்கள். அவர் கையெழுத்துப் போடவில்லை என்றால் "காட்டினேன், கையெழுத்திடவில்லை" என்று எழுதி வையுங்கள், பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். எழுதாமல் இருந்து விபத்து நடந்தால் முதலில் தொங்கப்போவது உங்கள் சான்றிதழ்.

கூலி விஷயம் பெரும்பாலான தொழிலாளருக்குத் தெரிவதே இல்லை. 22-ஆம் பிரிவில் ஆய்வாளர் வேலையைத் தடுத்தால், தடை இருக்கும் நாட்களுக்கு அந்தத் தொழிலாளருக்கு முழுக் கூலி தர வேண்டும், அல்லது அதே கூலியில் வேறு வேலை தர வேண்டும். சட்டத்திலேயே இருக்கிறது. முதலாளிக்கு மேல்முறையீடு செய்ய 10 நாள் அவகாசம் உண்டு, அதற்காகக் கூலி நிற்காது. "மூடினால் பட்டினி" என்று யார் சொன்னாலும் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள்.

சென்னை மண்டல அலுவலகத்துக்குப் புகார் எழுதுங்கள். புகார் கொடுத்தவர் யார் என்று ஆய்வாளர் நிர்வாகத்திடம் சொல்லக் கூடாது.

நாமக்கல் ஒப்பந்ததாரர்: எல்லா ஓனரையும் கொலைகாரன் மாதிரிப் பேசுகிறீர்கள்.

இல்லை. ஒழுங்காகப் பெஞ்ச் வெட்டி நடத்தும் ஓனர்களும் இருக்கிறார்கள், அடியைக் குடைபவர் குறைந்த விலைக்கு ஜல்லி விற்று அவர்களைத்தான் முதலில் அழிக்கிறார். பழைய சட்டத்தில் ஆள் இறந்த வழக்குக்கு அதிகபட்சம் 2 ஆண்டு சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பலரும் 5,000 கட்டிவிட்டுப் போனார்கள். புதிய தொகுப்பில் அபராதம் 5 லட்சத்துக்குக் குறையாது. அது எனக்கு நிறைவான மாற்றம்.

தர்மபுரி வாசகர்: அனுமதி முடிந்த குவாரி இன்னும் ஓடுகிறது. இயக்குநரகம் நடவடிக்கை…

மூன்றாவது முறை. உரிமம் மாநிலத் துறை. தயவுசெய்து மேலே படித்துவிட்டுக் கேளுங்கள். அங்கே ஆட்கள் ஆபத்தான சுவரின் கீழ் நிற்கிறார்கள் என்றால் மட்டும் எங்களுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

நெய்வேலி, ஒப்பந்தத் தொழிலாளியின் மகள்: அப்பா கன்வேயரில் வேலை பார்க்கிறார். அங்கேயும் சுவர் பயம்தானா?

சுவரும் உண்டு, ஆனால் நெய்வேலியின் தனிப் பிரச்சினை தண்ணீர். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நீரூற்று இருக்கிறது. இடைவிடாமல் பம்ப் செய்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் தளமே வெடித்து மேலே வரும். அது நிர்வாகம் பார்க்க வேண்டியது. உங்கள் அப்பா பார்க்க வேண்டியது ஓடும் பெல்ட். ஓடும்போது ரோலரில் ஒட்டிய மண்ணைத் தட்டக் கூடாது, துண்டோ தளர்ந்த சட்டையோ கூடாது, இழுத்து நிறுத்தும் கயிறு வேலை செய்கிறதா என்று ஷிஃப்ட் தொடக்கத்தில் பார்க்க வேண்டும்.

கோவை மாணவி: பெண்கள் நிலத்தடியில் வேலை செய்யலாமா?

2019 முதல் செய்யலாம். தொழில்நுட்ப, மேற்பார்வை, நிர்வாகப் பணிகளில், காலை 6 முதல் இரவு 7 வரை, எழுத்துபூர்வச் சம்மதத்தோடு, மூன்று பேருக்குக் குறையாத குழுவாக.

மதுரை வாசகி: என் கணவர் கிரானைட் குவாரியில் டிரில் போடுகிறார். ஒரு வருடமாக இருமல். காசநோய் மாத்திரை கொடுத்தார்கள், குறையவில்லை.

அம்மா, டாக்டரிடம் முதல் வார்த்தையாக "கல்லில் டிரில் போடுகிறார், இத்தனை வருடமாக" என்று சொல்லுங்கள். கல் தூசியால் வரும் சிலிகோசிஸ் எக்ஸ்ரேயில் காசநோய் மாதிரியே தெரியும், இரண்டும் சேர்ந்தும் வரும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சிலிகோசிஸ் அறிவிக்கப்பட்ட நோய். உறுதியானால் டாக்டர் எங்கள் இயக்குநரகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், இழப்பீடு கேட்க அதுதான் அடிப்படை. வேலையில் சேரும்போதும் பிறகு 5 ஆண்டுக்கு ஒரு முறையும் குவாரி செலவில் மருத்துவப் பரிசோதனை நடந்திருக்க வேண்டும், அந்த அறிக்கையைக் கேளுங்கள். தண்ணீர் விட்டு டிரில் போட்டால் இந்தத் தூசி பெரும்பாலும் எழவே எழாது. ஒரு குழாயும் தொட்டியும் போதும், அதையும் செய்யாமல் ஆளை உலர் டிரில்லில் நிறுத்துகிறார்கள்.

சென்னை வாசகர்: சில்க்யாராவில் 41 பேரை மீட்டது எலிவளைத் தொழிலாளர்கள்தானே? அவர்கள் முறையை ஏன் தடை செய்தார்கள்?

2023 நவம்பரில் அவர்கள் செய்தது பெரிய காரியம், அந்த வீரத்தை மதிக்கிறேன். ஆனால் அது இரும்புக் குழாய்க்குள் இருந்து கடைசிச் சில மீட்டர் தோண்டிய வேலை. மேகாலயாவில் தாங்கு எதுவும் இல்லாத வளைக்குள் நடப்பது வேறு. தடை 2014-ல் வந்தது. அதையும் மீறி ஓடிய மேகாலயாவின் கசான் சுரங்கத்தில் 2018 டிசம்பர் 13 அன்று வெள்ளம் புகுந்து 15 பேர் உள்ளே மாட்டினார்கள்.

விருதுநகர் வாசகர்: என் தம்பி குவாரியில் டிப்பரோடு விழுந்து இறந்துவிட்டான். மறுநாளே இடத்தைச் சமன் செய்துவிட்டார்கள். இனி ஆய்வாளர் வந்து என்ன பயன்?

மிகவும் வருத்தமாக இருக்கிறது. வருவதில் பயன் உண்டு. மீட்புக்கோ, இன்னொரு விபத்தைத் தடுக்கவோ அல்லாமல் அந்த இடத்தைத் தொட்டதே தனிக் குற்றம். ஆய்வாளர் 72 மணி நேரத்துக்குள் வராவிட்டால்தான் அங்கே வேலையைத் தொடரலாம். ஆள் இறந்த விபத்தை இரண்டு மாதத்துக்குள் விசாரித்தாக வேண்டும். ஆகவே இடத்தைக் கலைத்ததையும் முதல் பத்தியிலேயே எழுதி அனுப்புங்கள். பாதையின் ஓரத்தில் மண் கரை இருந்ததா, எந்த உயரம், வண்டி எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது, இரவு என்றால் விளக்கு எங்கே என்று அன்று அங்கே நின்றவர் ஒருவராவது ஆய்வாளரிடம் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். கைபேசியில் எடுத்த பழைய படம், அதே பாதையில் தம்பி எடுத்த செல்ஃபி இருந்தாலும் தேடி எடுத்து வையுங்கள்.