செலியாக் நோய் உள்ள குழந்தையைப் பள்ளியில் குளூட்டன் படாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதம். செலியாக் உள்ள குழந்தை அதைச் சாப்பிட்டால் உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கும். அந்தச் சுவரில், குளியல் துண்டின் நூல் வளையங்கள் மாதிரி, நுண்ணிய நீட்சிகள் உண்டு. துண்டு தேய்ந்து வழவழப்பானால் தண்ணீரைச் சரியாக உறிஞ்சாது இல்லையா, அப்படித்தான் குடலும் சத்தை உறிஞ்ச முடியாமல் போய் இரத்தசோகை, வளர்ச்சிக் குறைவு என்று வந்து நிற்கும். குளூட்டனை முழுக்க விலக்குவதுதான் சிகிச்சை.

சாப்பாடு வீட்டிலிருந்தே போனால் பாதிக் கவலை தீரும். மீதிதான் கண்ணுக்குத் தெரியாமல் நழுவும்: பக்கத்துப் பிள்ளையின் ரொட்டித் துகள், பகிர்ந்த கரண்டி, பிறந்தநாள் கேக், வகுப்பில் பிசையும் விளையாட்டு மாவு (அதில் பெரும்பாலும் கோதுமை இருக்கும், விரலில் ஒட்டி வாய்க்குப் போகும்). சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், சானிடைசர் குளூட்டனை அகற்றாது. ஆசிரியரிடம் இதையெல்லாம் எழுதியே கொடுங்கள், அப்புறம் கெடாத தின்பண்டம் ஒரு டப்பா வகுப்பிலேயே இருக்கட்டும், திடீர்க் கொண்டாட்டத்தில் குழந்தை வெறுங்கையோடு நிற்கக் கூடாது.

'ஒருநாள் கொஞ்சம் சாப்பிட்டால் என்ன, வயிறு வலிக்கவில்லையே' என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், ஆனால் வலியே இல்லாவிட்டாலும் குடல் உள்ளே பாதிக்கப்படலாம்.