கோடு ஏன் நடுங்குகிறது? டிஜிட்டல் லைன் ஆர்ட் கேள்வி-பதில்

லைன் ஆர்ட், அதாவது கோடுகளால் மட்டுமே ஆன படம், பற்றி இந்த முறை கேட்டவர்களில் பெரும்பாலோர் கிரிட்டாவில் வரைகிறவர்கள். இலவச மென்பொருள், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அதனால் பதில்களிலும் அதையே முன்னால் வைத்திருக்கிறேன். நீங்கள் வேறு மென்பொருளில் வரைந்தாலும் இவற்றில் பெரும்பாலான வசதிகள் வேறு பெயரில் அங்கும் இருக்கும்.

ஸ்டெபிலைசரை முழுதாக ஏற்றி வைத்தும் கோடு நடுங்குகிறது. கூர்மையான மூலைகள் வேறு மழுங்கிவிடுகின்றன. என்ன செய்யலாம்?

முதலில் ஸ்டெபிலைசரைக் குறையுங்கள். பேனா கடந்து வந்த கடைசிச் சில புள்ளிகளின் சராசரியை எடுத்து, அதன் வழியே கோட்டை இழுப்பதுதான் அதன் வேலை. அதனால்தான் கோடு பேனாவுக்குப் பின்னால் தாமதமாக வருகிறது. சட்டென்று திரும்பும் மூலையும் சராசரியில் கரைந்து வளைவாகிவிடுகிறது. சின்ன நடுக்கத்தை அது மறைக்கும், ஆனால் எங்கே போவதென்று தெரியாமல் தயங்கும் கையைத் தேற்றாது.

நடுக்கம் பெரும்பாலும் மெதுவாக வரைவதால் வருகிறது. திரையை 400 சதவீதம் பெரிதாக்கிக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர்ந்தால் கையின் ஒவ்வொரு அதிர்வும் பதிவாகும். 100 சதவீதத்தை ஒட்டியே வைத்து வரையுங்கள். விரல் நீளக் கோட்டுக்கு மணிக்கட்டு போதும். அதைவிட நீண்ட கோட்டை முழங்கையிலிருந்து, இன்னும் பெரியதைத் தோளிலிருந்து இழுக்க வேண்டும். பேனாவைத் திரையில் பதிக்காமல் அதே பாதையில் ஓரிரு முறை காற்றில் ஓட்டிப் பாருங்கள், அப்புறம் ஒரே வீச்சில் இழுங்கள். கண் பேனா முனையில் இருக்கக் கூடாது, கோடு முடியும் இடத்தில் இருக்க வேண்டும். புள்ளிக் கோலம் போடுகிறவர்கள் அடுத்த புள்ளியைப் பார்த்துத்தானே கையை ஓட்டுகிறார்கள், அதே பழக்கம்தான். சரியாக வராவிட்டால் திருத்திக்கொண்டிருக்காமல் அன்டூ செய்துவிட்டு மறுபடி இழுங்கள்.

எல்லோருக்கும் ஒரு திசையில் கோடு நன்றாக வரும், இன்னொரு திசையில் வராது. கிரிட்டாவில் 4, 6 ஆகிய எண் விசைகள் கேன்வாஸைச் சுழற்றும், 5 பழைய நிலைக்குக் கொண்டுவரும். உங்கள் கைக்கு வசதியான கோணத்துக்குப் படத்தைத் திருப்பிக்கொண்டு வரையுங்கள்.

இவ்வளவும் செய்தபின் மென்பொருளின் உதவிக்கு வருவோம். பிரஷ் ஸ்மூத்திங்கில் சாதாரண வேலைக்கு ‘பேசிக்’ போதும். கூந்தல், புடவை விளிம்பு போன்ற நீண்ட வளைவுகளுக்கு மட்டும் ‘வெயிட்டட்’ அல்லது ‘ஸ்டெபிலைசர்’ வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டெபிலைசரிலேயே ‘டிலே’ என்றொரு அமைப்பு உண்டு. அதை இயக்கினால் பேனாவைச் சுற்றி ஒரு சிறு வட்டத்துக்குள் கோடு நகராமல் நிற்கும், மூலைகள் கூர்மையாகக் கிடைக்கும்.

டேப்லெட்டில் (கணினியோடு இணைத்துப் பேனாவால் வரையும் பலகையில்) வட்டம் வரைந்தால் திரையில் முட்டை வடிவமாக வருகிறது.

கையில் குறையில்லை. டேப்லெட்டின் நீள அகல விகிதமும் திரையின் விகிதமும் வேறாக இருக்கின்றன. ஒன்று 16:10, மற்றது 16:9 என்றாலே உருவம் சற்று நசுங்கும். டேப்லெட்டை இயக்கும் மென்பொருளான டிரைவரின் அமைப்பில் விகிதத்தைக் காக்கும் தேர்வு இருக்கும். வாக்கம் நிறுவன டேப்லெட்டில் அதன் பெயர் ‘ஃபோர்ஸ் ப்ரொபோர்ஷன்ஸ்’. டேப்லெட்டின் ஓரத்தில் ஒரு பட்டை பயன்படாமல் போகும், போகட்டும்.

கோடுகள் சுத்தமாகத்தான் இருக்கின்றன, ஆனால் படத்தில் உயிரே இல்லை. ஏன்?

எல்லாக் கோடும் ஒரே தடிமனில் இருப்பதால்தான். ஒரு முகத்தை எடுத்துக்கொள்வோம். ஒளி இடது மேல்புறத்திலிருந்து வருகிறது. நெற்றியின் இடப்பக்கக் கோடு மெலிந்து, சில இடங்களில் அறுந்தேகூடப் போகலாம். வலக்கன்னத்தில் இறங்கும்போது தடிக்க வேண்டும். தாடைக்குக் கீழே, கழுத்து உள்ளே போகும் இடத்தில் இன்னும் தடிக்க வேண்டும். அங்கேதான் நிழல் விழுகிறது. மேல் இமை தடிமன், கீழ் இமை மெல்லிசு. மூக்குக்கு முழுக்கோடு வேண்டாம், நுனியும் நாசித்துளையின் நிழலும் போதும். இரண்டு கோடுகள் சந்திக்கும் மூலையில் மை தேங்கியதுபோல ஒரு சின்ன முக்கோணத்தை நிரப்பிப் பாருங்கள், படம் உடனே எழுந்து நிற்கும். ஒரு பொருள் இன்னொன்றின் முன்னால் இருந்தால் முன்னால் இருப்பதன் வெளிக்கோடு தடிமனாக இருக்கட்டும்.

இதற்கு அழுத்தம் ஒத்துழைக்க வேண்டும். எவ்வளவு அழுத்தினாலும் கோடு மெலிதாகவே வந்தால், கிரிட்டாவின் டேப்லெட் அமைப்பில் அழுத்த வளைவை மேல்நோக்கி வளையுங்கள். தொட்டாலே தடித்தால் கீழ்நோக்கி வளையுங்கள். இதைச் செய்யாமல் மாதக்கணக்கில் மணிக்கட்டு வலியோடு வரைகிறவர்கள் உண்டு. தயவுசெய்து இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

பென்சிலில் வரைந்ததைப் போனில் படமெடுத்து அப்படியே லைன் ஆர்ட் ஆக்க முடியுமா?

முடியும். போன் படத்தில் ஒரு பக்கம் வெளிச்சமாகவும் மறுபக்கம் இருட்டாகவும் இருக்கும், ஆகவே ஸ்கேன் செய்வது நல்லது. கண்ட்ரோல் எல் அழுத்தி லெவல்ஸில் காகிதத்தின் சாம்பல் நிறம் வெள்ளையாகும்வரை வலப்பக்க முள்ளை உள்ளே நகர்த்துங்கள். பிறகு ‘கலர் டு ஆல்ஃபா’ ஃபில்டரால் வெள்ளையை நீக்கினால் கோடு மட்டும் தனியே நிற்கும்.

ஆனால் அது பென்சில் கோடாகவே இருக்கும், சொரசொரப்போடு. சுத்தமான கோடு வேண்டுமென்றால் அந்த லேயரை (படத்தின் அடுக்கை) வெளிர்நீலமாக்கி, ஒளிபுகாமையை 30 சதவீதத்துக்கு இறக்கி, மேலே புது லேயரில் மறுபடி வரைவதுதான் என் வழி. ரஃப் ஸ்கெட்சில் நான்கு கோடு கிறுக்கிய இடத்தில் எது சரியென்று அங்கேயே முடிவு செய்துவிடுங்கள். மை இடும்போது முடிவெடுக்கப் போனால் கை தயங்கும்.

கேன்வாஸ் அளவு?

அச்சுக்கு ஏ4 என்றால் 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) 2480 × 3508 பிக்சல். கறுப்பு வெள்ளைக் கோட்டுப் படத்துக்கு 600 டிபிஐ நல்லது, 4961 × 7016. இணையத்துக்கு மட்டும் என்றால் தேவையான அளவைப்போல இரண்டு மடங்கில் வரைந்து கடைசியில் சிறிதாக்குங்கள், சின்னச் சின்னப் பிசிறுகள் மறைந்துவிடும்.

வண்ணம் நிரப்பினால் கோட்டை ஒட்டி வெள்ளை இழை தெரிகிறது.

கோட்டின் ஓரப் பிக்சல்கள் பாதி ஒளிபுகுவன. நிரப்பும் கருவி அவற்றின் முன்னே நின்றுவிடுகிறது. கோட்டு லேயருக்குக் கீழே தனி லேயர் போட்டு, நிரப்பும் கருவி எல்லா லேயர்களையும் பார்க்கும்படி அமைத்து, ‘க்ரோ’ அளவை 2 பிக்சல் ஆக்குங்கள். நிறம் கோட்டுக்கு அடியில் புகுந்துகொள்ளும்.

வெக்டர் லேயர் அவசியமா?

வெக்டர் லேயரில் கோடு பிக்சல்களாக இல்லாமல், பின்னாலும் மாற்றக்கூடிய வளைவாகப் பதிவாகும். கிளிப் ஸ்டுடியோ பெயின்ட் என்ற வரையும் மென்பொருள் வைத்திருந்தால் அதைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். தலைமுடியைத் தாராளமாக முகத்தின் மேலேயே இழுத்துவிட்டு, கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம்வரை அழிக்கும் வெக்டர் அழிப்பானால் ஒரு தட்டுத் தட்டினால் மிஞ்சிய வால் மட்டும் போய்விடும். கை தயங்காமல் வீசி வரைய அது பெரிய தைரியம் தரும். வரைந்தபின் தடிமனையும் மாற்றலாம். கிரிட்டாவின் வெக்டர் லேயரில் சாதாரண பிரஷ் ஓடாது. பேச்சுக் குமிழி, எழுத்து, வடிவங்களுக்கு அது சரி.

மவுஸ்தான் இருக்கிறது.

கிரிட்டாவின் பெஸியே வளைவுக் கருவியால் புள்ளி வைத்து வளைத்து வரையுங்கள், அதே பிரஷ்ஷில் கோடு விழும். டைனமிக் பிரஷ் கருவியையும் முயன்று பாருங்கள். அதில் ‘மாஸ்’ அளவைக் கூட்டினால் மவுஸின் வெட்டு வெட்டான அசைவு வழவழப்பாகும். தடிமன் மாற்றங்களைக் கடைசியில் சின்ன பிரஷ்ஷால் சேர்த்துக்கொள்ளலாம்.